கையெழுத்துப் போடும் முன்

“எனக்கு எதுவும் வேண்டாம், விட்டால் போதும்.” குடும்ப நல நீதிமன்றத் தாழ்வாரத்தில் கொஞ்ச நேரம் நின்றாலே காதில் விழக்கூடிய வாக்கியம் இது. பெரும்பாலும் பெண்கள் சொல்கிறார்கள், ஆண்களும் சொல்வதுண்டு. பல வருட வேதனை அந்த ஒரு வரியில் வந்து இறங்குகிறது. கூட வந்த உறவினர்கள் அதைப் பெருந்தன்மை என்று மெச்சுகிறார்கள். எதிர்த் தரப்பு வக்கீல் அதை உடனே குறித்துக்கொள்கிறார். மனு தட்டச்சாகிறது, கையெழுத்தும் ஆகிவிடுகிறது. இரண்டு வருடம் கழித்துப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வழியில்லாமல் நிற்கும்போது அதைச் சொன்ன மனநிலை எங்கேயோ போயிருக்கும். கையெழுத்து அப்படியே இருக்கும்.

இதற்கு நேர் எதிரில் இன்னொரு வாக்கியம் உண்டு: “ஒரு பைசா கூடக் கிடைக்காமல் செய்கிறேன் பார்.” இதைச் சொல்பவர் வீட்டை அம்மா பெயருக்கு எழுதுகிறார், வங்கிக் கணக்கைக் காலி செய்கிறார், சிலர் வேலையையே விட்டுவிடுகிறார்கள். எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டு ஓடுவதும், எல்லாவற்றையும் மறைத்து வெல்லப் பார்ப்பதும் பார்வைக்கு வேறு வேறு. இரண்டும் பிறக்கும் இடம் ஒன்றுதான்: உள்ளதை உள்ளபடி எடுத்து வைத்துப் பார்க்க மனம் துணியாத இடம். திருமணம் முறிவது குற்றமல்ல, அவமானமும் அல்ல. முறியும் நேரத்தில் பணத்தையும் பத்திரத்தையும் பிள்ளையையும் எப்படி நடத்தினோம் என்பதில்தான் நம் நேர்மை இருக்கிறது. அந்த நேர்மை எதிராளிக்கு நாம் செய்யும் உபகாரம் அல்ல. முதலில் நம்மைத்தான் அது காப்பாற்றும்.

நான் இங்கே பெரும்பாலும் 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தை வைத்துப் பேசுகிறேன். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும், சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்தவர்களுக்கும் சட்டங்கள் வேறு. பணம் பற்றிய தவறுகள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றே.

முதல் தவறு நீதிமன்றத்துக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, முத்திரைத்தாளில் “இனி நமக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை” என்று எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். நோட்டரி முத்திரையும் விழுந்துவிட்டால் விவாகரத்து முடிந்துவிட்டது என்றே நம்புகிறார்கள். மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த தாளையும் அப்படித்தான் நம்புகிறார்கள். சட்டத்தின் கண்ணில் அந்தத் தாள் திருமணத்தை முறிக்காது. குறிப்பிட்ட சமூகத்தில் தொன்றுதொட்டு வரும் வழக்கப்படியான மணமுறிவைச் சட்டம் ஏற்கிறது, உண்மைதான். ஆனால் அந்த வழக்கம் இருப்பதை நீதிமன்றத்தில் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும், அது எளிதல்ல. அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். முதல் திருமணம் உயிரோடு இருப்பதால் இரண்டாவது செல்லாது. இருதார மணக் குற்றச்சாட்டு வரலாம். நம்பி வந்த இரண்டாவது பெண்ணுக்கு மனைவி என்ற சட்ட நிலை கிடைக்காது. ஊர் கூடிச் செய்த சமரசம், ஒரு பாவமும் அறியாத மூன்றாவது ஆளின் வாழ்க்கையில் போய் விடிகிறது.

இரண்டாவது தவறு, வந்த சம்மனை வாங்காமல் இருப்பது. “கையெழுத்துப் போட்டு வாங்கினால்தானே கேஸ்” என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். தபால்காரரைத் திருப்பி அனுப்புவார்கள், கதவைப் பூட்டிக்கொள்வார்கள். வாங்க மறுத்ததையே சம்மன் சார்வு ஆனதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். பிறகு வழக்கு ஒருதலைப்பட்சமாக நடந்து தீர்ப்பாகிவிடும். அதை ரத்து செய்யக் கோர 30 நாள்தான் காலம். தாண்டினால் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டிக் கெஞ்ச வேண்டியிருக்கும். சேர்ந்து வாழ உத்தரவிடக் கோரும் மனுவில் இந்த அலட்சியம் இன்னும் ஆபத்தானது. “சேர்ந்து வாழத்தானே கேட்கிறார், கேட்கட்டும்” என்று விட்டுவிடுகிறார்கள். அந்த மனுவில் தீர்ப்பாகி ஒரு வருடம் சேர்ந்து வாழாமல் போனால் அதுவே விவாகரத்துக்கு ஒரு காரணமாகிவிடும். வந்த தாள் எதுவானாலும் வாங்கிப் படிக்க வேண்டும். படித்துப் புரியாவிட்டால் புரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

இனிப் பணத்துக்கு வருகிறேன். விவாகரத்து என்றால் சொத்தில் பாதி மனைவிக்கு என்று நம் ஊரில் பரவலான நம்பிக்கை இருக்கிறது. சினிமா ஒரு காரணமாக இருக்கலாம், வெளிநாட்டுச் செய்திகள் ஒரு காரணமாக இருக்கலாம். இந்தியாவில் அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை. திருமண காலத்தில் வாங்கிய சொத்தானாலும் பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ பொதுவாக அவருக்கே அது உரியது. மனைவி கேட்கக்கூடியது ஜீவனாம்சம், குடியிருக்கும் உரிமை, தன் சீதனம், தான் பணம் போட்டதை நிரூபிக்க முடிந்த பங்கு ஆகியவைதான்.

இதில் நம் வீடுகளின் ஏற்பாடு ஒன்றைக் கூர்ந்து பார்க்க வேண்டும். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கணவனின் சம்பளத்திலிருந்து வீட்டுக் கடன் தவணை போகிறது. மனைவியின் சம்பளத்தில் மளிகை, பால், பள்ளிக் கட்டணம், மாமனாரின் மருந்துச் செலவு எல்லாம் நடக்கிறது. அவள் சம்பளம் இல்லாவிட்டால் அவன் தவணை கட்டியிருக்க முடியாது. பதினைந்து வருடம் கழித்துப் பிரியும்போது அவன் கையில் ஒரு வீடு இருக்கிறது. அவள் கையில் மளிகை ரசீதுகூட இல்லை. யாரும் யாரையும் ஏமாற்றத் திட்டமிடவில்லை. ஏற்பாடே அப்படி அமைந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூன் மாதம் ஒரு தீர்ப்பில் இந்த அநீதியைத் தொட்டது. கணவர் வெளிநாட்டில் உழைத்துப் பணம் அனுப்ப, ஊரில் குடும்பத்தை நடத்திய மனைவியின் உழைப்பும் சொத்து சேர்ந்ததற்கு ஒரு காரணம், அவருக்கும் அதில் சம பங்கு உண்டு என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி சொன்னார். பெண்கள் பலர் அதைப் படித்து ஆறுதல் அடைந்தார்கள். ஆனால் அது விவாகரத்து வழக்கு அல்ல. அதை வைத்து எல்லா வழக்கிலும் பாதி கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. வீடு வாங்கும்போதே இருவர் பெயரிலும் பத்திரம் பதிவாவதும், தவணையில் தன் பங்கைத் தன் கணக்கிலிருந்தே கட்டுவதும் தீர்ப்புக்காகக் காத்திருப்பதைவிடப் பத்திரமான வழி. நல்லபடியாக வாழ்கிறவர்களுக்கும் இது கெடுதல் செய்யாது.

வீட்டை விட்டு வெளியேறிவிட்டால் உரிமை போய்விடும் என்ற பயத்தில் அடிபட்டுக்கொண்டே இருக்கும் பெண்கள் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் வெளியேறத்தான் வேண்டும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையைத் தருகிறது. அந்த வீடு மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும் அது பகிர்ந்து வாழ்ந்த வீடாக இருக்க முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது. கிளம்பும்போது ஆதார், கல்விச் சான்றிதழ்கள், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, வங்கிப் புத்தகம் இவற்றைக் கையோடு எடுத்துக்கொள்ள முடிந்தால் பின்னால் பாதி அலைச்சல் மிச்சம்.

நகை விஷயத்தில் நம் சமூகம் காட்டும் மெத்தனம் என்னை மிகவும் வருத்துகிறது. பெண்ணுக்குப் போடும் பவுன் கணக்கைக் கல்யாணப் பேச்சில் கிராம் சுத்தமாகப் பேசுகிறவர்கள், போட்ட பிறகு ஒரு துண்டுத் தாளில்கூட எழுதி வைப்பதில்லை. திருமணத்தின்போது தரும் அன்பளிப்புகளுக்குப் பட்டியல் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்று 1985 முதல் மத்திய அரசின் விதியே இருக்கிறது. எத்தனை வீடுகளில் செய்கிறார்கள்? கடைப் பில் அப்பா பெயரில் இருக்கும், அதுவும் எங்கே என்று தெரியாது. நகை மாமியாரின் பீரோவிலோ, கணவன் பெயரிலான லாக்கரிலோ இருக்கும். பல வீடுகளில் அது வங்கியில் அடமானத்தில் இருக்கும், நகைக் கடன் கணவன் பெயரில் இருக்கும். மனை வாங்க முன்பணம் தேவைப்பட்டபோது “மூன்று மாதத்தில் மீட்டுத் தருகிறேன்” என்று வாங்கியதாக இருக்கும்.

சட்டம் இதில் பெண்ணின் பக்கம் தெளிவாக நிற்கிறது. சீதனம் அவளுடைய தனிச் சொத்து. கணவன் அதை வைத்திருந்தால் அவளுக்காக வைத்திருக்கும் காவலன்தான் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. கேரளத்துப் பெண் ஒருவரின் வழக்கில் 2024 ஏப்ரலில் அதையே மீண்டும் உறுதி செய்தது. 89 பவுன் போட்டு 2003-இல் நடந்த திருமணம் அது. பாதுகாப்புக்கென்று நகைகளை வாங்கிக்கொண்டு, பிறகு கணவன் வீட்டார் கடன் அடைக்கப் பயன்படுத்திவிட்டார்கள் என்பது புகார். அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் தர நீதிமன்றம் உத்தரவிட்டது. நீதி கிடைத்தது, ஆனால் திருமணத்துக்கும் அந்தத் தீர்ப்புக்கும் நடுவே இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. கல்யாண ஆல்பத்தில் எந்தப் படத்தில் எந்த நகை தெரிகிறது, அதன் எடை எவ்வளவு, எந்தக் கடையில் எப்போது வாங்கியது, எது எந்த வங்கியில் அடகில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி, பில்லையும் அடகுச் சீட்டையும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்தால் வாதம் பாதியாகக் குறையும். நகையைத் திருப்பிக் கொடுக்கும் கணவனுக்கும் இதே அறிவுரை: எடை குறித்து, பட்டியல் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். ஒப்படைத்த நகையை ஒப்படைக்கவில்லை என்று புகார் வந்தால் பட்டியல்தான் பேசும்.

அடுத்தது சொத்தை மறைப்பது. உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் வழங்கிய ஒரு தீர்ப்புக்குப் பிறகு ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் தம் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு விவரம், வைப்புத் தொகை, பங்கு, வண்டி, நகை, வாடகை வருமானம் என்று அது நீளமானது. கணவனுக்கு மட்டுமல்ல, மனைவிக்கும் அது பொருந்தும். வேலைக்குப் போகிற பெண் “எனக்கு வருமானமே இல்லை” என்று எழுதுவதும், லட்சக்கணக்கில் தொழில் செய்கிறவர் “மாதம் பன்னிரண்டாயிரம்” என்று எழுதுவதும் சத்தியத்தின் மேல் சொல்லும் பொய். வங்கிக் கணக்கு விவரத்தை எதிர்த் தரப்பு வரவழைத்து ஒரு வரி வெளிப்பட்டாலும் போதும். அதன் பிறகு அவர் சொல்லும் உண்மைகளையும் நீதிபதி சந்தேகத்தோடுதான் படிப்பார். வேலையை விட்டால் ஜீவனாம்சம் தர வேண்டாம் என்று நினைப்பதும் வீண். உடல் நலம் உள்ளவர் சம்பாதிக்கக் கூடியவர் என்றே நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்கின்றன. போன வேலைதான் மிச்சம்.

வீட்டை அம்மா பெயருக்குத் தானமாக எழுதுகிறவரின் கதையைக் கடைசி வரை பின்தொடர்ந்து பார்ப்போம். விலையில்லாமல் மாற்றிய சொத்தின் மேலும் ஜீவனாம்ச உரிமை தொடர முடியும் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டமே சொல்கிறது. ஆகவே தப்பித்தோம் என்று இருக்க முடியாது. அதைவிடப் பெரிய விஷயம், பதிவான அன்றிலிருந்து அந்த வீடு அம்மாவுடையது. வழக்கு ஐந்து, ஆறு வருடம் ஓடுகிறது. அம்மா உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார். வாரிசுச் சான்றிதழில் அக்கா பெயர், தம்பி பெயர், அப்பா இருந்தால் அவர் பெயர் எல்லாம் வருகிறது. தவணை கட்டியது தானே என்று அவர் இப்போது எதைக் காட்டி வாதாடுவார்? மனைவியை ஏமாற்றத்தான் மாற்றினேன் என்று அதே நீதிமன்றத்தில் போய்ச் சொல்ல முடியுமா? மனைவியிடம் போய்ச் சேரும் என்று பயந்த வீடு உடன்பிறந்தாரிடம் பங்கு பிரிகிறது. அந்த உறவும் சேர்ந்தே அறுகிறது.

பிறந்த வீட்டுப் பக்கமும் ஒரு கையெழுத்து இருக்கிறது. கல்யாணத்தின்போதோ அதற்குச் சில வருடம் கழித்தோ அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்த பெண்கள் நம்மிடையே ஏராளம். தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்குக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்குரிமை வந்துவிட்டது. 2005-இல் நாடு முழுவதும் வந்தது. உரிமையைக் கொடுத்த சட்டம், அவளாக எழுதிக் கொடுத்ததைத் தடுக்கவில்லை. மணவாழ்க்கை முறிந்து பிள்ளையோடு திரும்பி வரும்போது அந்த வீட்டில் அவள் விருந்தாளி. பாசத்தால் விட்டுக்கொடுக்க நினைக்கிற பெண்களிடம் நான் ஒன்றைத்தான் கேட்பேன்: விட்டுக்கொடுப்பதை இப்போதே பதிவு செய்ய வேண்டிய அவசரம் யாருக்கு?

கடனை யாரும் நினைப்பதில்லை. இருவரும் சேர்ந்து வாங்கிய வீட்டுக் கடனில் இருவரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. “வீடு அவருக்கு, கடனும் அவர் கட்டுவார்” என்று சமரசத்தில் எழுதிக்கொண்டால் அது அவர்கள் இருவருக்கும் இடையில் மட்டும்தான் செல்லும். வங்கி அதில் கையெழுத்துப் போடவில்லை. அவர் மூன்று தவணை கட்டாமல் விட்டால் அவளுடைய சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். அவள் தனக்கென ஒரு வண்டிக் கடன் கேட்டுப் போகும் நாளில்தான் அது தெரியும். ஆகவே வங்கியோடு பேசி, கடனை ஒருவர் பெயருக்கு மாற்றி, மற்றவர் விடுவிக்கப்பட்டதற்குக் கடிதம் வாங்கிய பிறகே இறுதிக் கையெழுத்து. இணைக் கணக்கு, கூடுதல் கிரெடிட் கார்டு, யாரோ ஒருவருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து ஆகியவற்றையும் அதே நேரத்தில் முடித்துவிட வேண்டும்.

ஜீவனாம்சத்தை மொத்தமாக வாங்குவதா, மாதாமாதம் வாங்குவதா? இதற்குப் பொதுவான பதில் கிடையாது. இத்தனை சதவீதம் என்று சட்டத்திலும் கிடையாது. உச்ச நீதிமன்றம் 2017-இல் ஒரு வழக்கில் கணவனின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் பொருத்தமானது என்றது. அதைப் பலர் விதி போலச் சொல்லித் திரிகிறார்கள், அது விதி அல்ல. மொத்தத் தொகை என்றால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்ட வேண்டும். ஆறு வயதுப் பிள்ளையுள்ள ஒரு பெண்ணுக்குப் பத்து லட்சம் தருவதாகச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரிய தொகையாகத் தெரிகிறது. பிள்ளைக்கு 21 வயது ஆக 15 வருடம், அதாவது 180 மாதம். வகுத்துப் பார்த்தால் மாதம் சுமார் 5,555 ரூபாய். வைப்பில் போட்டால் வட்டி வரும், ஆனால் பள்ளிக் கட்டணமும் வாடகையும் அதைவிட வேகமாக ஏறும். அந்தத் தொகையை ஏற்பதும் மறுப்பதும் அவள் முடிவு. அந்த வகுத்தலைச் செய்யாமல் ஏற்பது முடிவே அல்ல. கொடுக்கிற ஆணும் இதே கணக்கைப் போட வேண்டும். ஆத்திரத்திலோ அவசரத்திலோ ஒப்புக்கொண்டு, பிறகு வட்டிக்கு வாங்கிக் கட்டித் தத்தளிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மாதாமாதம் என்றால் வேறொரு கவனம் வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவின் கீழ் பெற்ற உத்தரவுப்படி பணம் வராவிட்டால் வாரண்ட் கேட்டு ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும். பழைய சட்டத்தின் 125-ஆம் பிரிவிலும் இதே நிபந்தனைதான் இருந்தது. “பார்ப்போம், எப்படியும் தருவார்” என்று மூன்று வருடம் பொறுத்திருந்தவர், பொறுத்திருந்த காரணத்தாலேயே அந்த வழியில் பாக்கியை வசூலிக்க முடியாமல் போகலாம். வரியிலும் வித்தியாசம் உண்டு: மாதத் தொகை வருமானமாகக் கருதப்படுகிறது, மொத்தத் தொகையை அப்படிக் கருதுவதில்லை என்பதே பொதுவான நிலை. ஒரே தடவையில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் 2017 முதல் தடை விதித்திருக்கிறது. வாங்கியவருக்கு அதே தொகை அளவுக்கு அபராதம் வரலாம். டி.டி.யாகவோ வங்கி வழியாகவோ வாங்குவதுதான் இரு தரப்புக்கும் சாட்சி.

வீட்டை எழுதித் தருவதாகச் சமரசம் என்றால், வாய் வார்த்தையை நம்பித் தீர்ப்பு வாங்கிவிடக் கூடாது. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்து, அடமானம் இருந்தால் வங்கியின் சம்மதம் வாங்கி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு முடிய வேண்டும். குடும்பத்தாருக்கிடையே எழுதும் செட்டில்மெண்ட் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையில் சலுகை இருக்கிறது. கணவன் மனைவி என்ற உறவு சட்டப்படி இருக்கும்போதே பதிவு செய்தால் அந்தச் சலுகையில் சிக்கல் வராது.

பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது. பணத் தகராறில் பிள்ளையைப் பிணையாக வைப்பதைப் போன்ற கொடுமை வேறு இல்லை. “பணம் வரவில்லையா, பிள்ளையைப் பார்க்க முடியாது” என்பதும், “பார்க்க விடவில்லையா, பணம் கிடையாது” என்பதும் இரண்டு பக்கமும் செய்யும் ஒரே தவறு. சட்டம் இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. பிள்ளையின் ஜீவனாம்சம் பிள்ளையுடையது, அதை வேண்டாம் என்று சொல்லத் தாய்க்கு உரிமை இல்லை. ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது 1956-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் பிறகும் குழந்தையின் நலன்தான் முதன்மை. சம்மதப் பத்திரத்தில் எல்லாரும் மறக்கும் ஓர் இடம் கல்லூரி. மகனுக்குப் பதினெட்டு வயது ஆனதும் பராமரிப்புக் கடமை பொதுவாக முடிந்துவிடும். உண்மையான செலவு அப்போதுதான் ஆரம்பிக்கிறது. மேற்படிப்புச் செலவை யார், எந்த அளவில் ஏற்பது என்று இப்போதே எழுதிவிட வேண்டும். தகப்பனின் சொத்தில் பிள்ளையின் வாரிசுரிமை விவாகரத்தால் போகாது என்பதையும் இருவரும் நினைவில் வைக்க வேண்டும்.

கோபத்தில் போடும் குற்றப் புகார்கள் குறித்து ஒரு வார்த்தை. நடந்த கொடுமைக்குப் புகார் கொடுக்கத் தயங்கவே வேண்டாம். நடக்காததைச் சேர்த்து, வெளியூரில் இருக்கும் நாத்தனார் பெயரையும் எழுதச் சொல்லும் யோசனையைக் கேட்க வேண்டாம். நடந்த கொடுமையின் நம்பகத்தன்மையையும் அது குலைத்துவிடும். பின்னால் சமரசம் என்று வந்தாலும் அந்த வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் வரை போக வேண்டும். ஆகவேதான் விவரம் தெரிந்த வக்கீல்கள் பணத்தைத் தவணையாகப் பிரித்து எழுதுகிறார்கள்: முதல் மனு விசாரணையில் ஒரு பகுதி, புகார் ரத்தாகும்போது ஒரு பகுதி, இறுதி வாக்குமூலத்தின்போது மீதி. எல்லாவற்றையும் முதல் நாளே கொடுத்துவிட்டவரும் முதல் நாளே விட்டுக்கொடுத்துவிட்டவரும் அதன் பிறகு எதிராளியின் மனசாட்சியை மட்டுமே நம்பி நிற்க நேரும்.

தீர்ப்பு வந்த பிறகும் வேலை இருக்கிறது. மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை மறுமணம் கூடாது. பி.எஃப்., காப்பீடு, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் நாமினி பெயரை மாற்ற வேண்டும். விவாகரத்தானதும் பழைய உயில் தானாகச் செத்துவிடும் என்று நினைப்பதும் தவறு. புதிதாக எழுத வேண்டும். வழக்கு நடக்கும்போதே ஒருவர் இறந்துவிட்டால் மற்றவர் சட்டப்படி வாரிசுதான் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. குடும்ப அட்டையில் பெயர் நீக்கிப் புது அட்டை வாங்குவது, குடும்பத்தோடு எடுத்த மருத்துவக் காப்பீடு நின்றுபோகும் முன் தனியாக ஒன்று எடுப்பது ஆகியவற்றை அந்த மாதமே செய்துவிடுவது நல்லது.

வக்கீலுக்குப் பணமில்லை என்பதால் எதிர்த் தரப்பு வக்கீல் நீட்டும் தாளிலேயே கையெழுத்துப் போடும் பெண்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்: 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே, இலவசமாக வக்கீல் தருகிறார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். கணவன், மனைவி இருவருக்கும் ஒரே வக்கீல் என்ற ஏற்பாடு செலவைக் குறைப்பது போலத் தெரிந்தாலும், பணமும் பிள்ளையும் நடுவில் இருக்கும்போது அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பேசித் தீர்க்க விரும்புகிறவர்களுக்குச் சமரச மையங்கள் இருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-இலிருந்தே மையம் இயங்குகிறது. அங்கே பேசிய பேச்சு வழக்கில் சாட்சியமாக வராது. உள்ளதை உள்ளபடி எடுத்து வைக்க அதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

சம்மத விவாகரத்தில் முதல் மனுவுக்கும் இறுதி வாக்குமூலத்துக்கும் நடுவே ஆறு மாத இடைவெளியைச் சட்டம் வைத்திருக்கிறது. தக்க காரணம் இருந்தால் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபின், அதைக் குறைக்கத்தான் எல்லாரும் முயல்கிறார்கள். பட்டியல் எழுத, வங்கிக்குப் போக, வகுத்துப் பார்க்க, பத்திரத்தைப் பதிவு செய்யக் கிடைத்த காலம் அது என்று யாரும் நினைப்பதில்லை. அந்த ஆறு மாதம் முடிந்து கூண்டில் ஏறும்போது நீதிபதி ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்பார்: யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், நிபந்தனைகளைப் புரிந்துகொண்டுதான் சம்மதிக்கிறீர்களா? தீர்ப்பு சொல்லும் நிமிடம் வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லியிருக்கிறது. நகைப் பட்டியல் வரவில்லை, வங்கிக் கடிதம் வரவில்லை, பிள்ளையின் படிப்புச் செலவு எழுதப்படவில்லை என்றால், அந்தக் கேள்விக்கு “இல்லை, எனக்கு இன்னொரு வாய்தா வேண்டும்” என்று தாராளமாகப் பதில் சொல்லலாம்.